பதினொரு கையெழுத்து

தன் கல்யாணம் செல்லாது என்பதை மணிவேல் திங்கட்கிழமை காலை, இரண்டாவது இட்லியின்போது தெரிந்துகொண்டார்.

இடது கையில் குடும்பச் சட்ட கைடு, வலது கையில் இட்லி. அறுபது வயதில் திருச்சி சட்டக் கல்லூரியில் சேர்ந்து, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் முதல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கிற மனிதர் அவர். அதற்கு முன் முப்பது வருடம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர். பெரம்பலூருக்கும் திருச்சிக்கும் நடுவே அவர் ஏறாத பஸ் இல்லை. அவர் ஏறியதும் சட்டைப் பையைத் தடவிப் பார்க்காத பயணியும் இல்லை. ஓய்வு பெற்ற மனிதன் லுங்கியோடு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பது தன் குடும்பத்தின் கௌரவத்துக்கு ஆகாது என்பதால், வக்கீலாகிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

கைடில் 'தடை செய்யப்பட்ட உறவுமுறைகள்' என்று ஒரு பட்டியல் இருந்தது. யார் யாரைக் கட்டக்கூடாது என்று வரிசையாகப் போட்டிருந்தான். அண்ணன் தங்கையைக் கட்டக்கூடாது. நியாயம்தான் என்று தலையாட்டினார். சித்தப்பன் அண்ணன் மகளைக் கட்டக்கூடாது. அதைச் சொல்லவே வேண்டாம். அடுத்த வரியில் கண் போனது. ஓர் ஆண், தன் உடன்பிறந்தாள் மகளைக் கட்டக்கூடாது. கட்டினால் அத்திருமணம் செல்லாது.

எதிரே சாம்பார்க் கரண்டியோடு நின்றவள் மலர்கொடி. இருபத்தேழு வருடமாக அவருடைய மனைவி. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் அவருடைய அக்கா மகள்.

"என்னா மாமா, சட்னில உப்பு பத்தலையா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் மணிவேல். குரல் சரியாக இல்லை.

செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளும் சட்டப்படியான பிள்ளைகளே என்று அதே பக்கத்தின் கடைசியில் ஆறுதலாக ஒரு வரி இருந்தது. அந்த ஆறுதல்தான் அவரை அதிகம் சுட்டது. மணிவேலின் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல ஒரு கைடு.

தவறு கண்டுபிடித்த இடத்தில் சோதனையை நிறுத்திவிடுவது அவருடைய தொழில் பழக்கம். பக்கத்தைத் திருப்பாமல் புத்தகத்தை மூடினார்.

வெள்ளிக்கிழமை மகள் பிரவீணாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை திருமானூர் பிச்சைமுத்துவின் மகன் ரஞ்சித்குமார். மூன்று வருடமாக வந்த வரன்களையெல்லாம் உதட்டைப் பிதுக்கித் திருப்பி அனுப்பிய பிரவீணா, இந்தப் பையன் வந்த அன்று மட்டும் யாரும் கேட்காமலேயே இரண்டாவது டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள். அது ஒன்றே வீட்டுக்குப் போதுமான பதிலாக இருந்தது. அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது. 'மணிவேல் – மலர்கொடி தம்பதியரின் செல்வப் புதல்வி' என்று அதில் பொன்னெழுத்தில் போட்டிருந்தது. தம்பதியர் என்ற சொல்லை மணிவேலால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

லேப் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பிரவீணா அப்பாவின் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"என்னப்பா ஆச்சு?"

"ஒரு சட்டச் சிக்கல்."

"யாருக்கு?"

"ஒரு நண்பருக்கு."

"நீங்க பரீட்சைக்கு மட்டும் படிங்கப்பா. ஊருக்காகல்லாம் படிக்க வேணாம்."

கல்லூரியில் குடும்பச் சட்டம் நடத்துபவர் கமலவேணி மேடம். முப்பது வயது இருக்கும். தன் பெண்ணைவிட நாலைந்து வயதுதான் மூத்தவரிடம் போய்த் தன் குடும்ப விஷயத்தைக் கேட்பதா என்று மணிவேலுக்குக் கூச்சம். ஆனாலும் வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் மறித்தார்.

"மேடம், ஒரு நண்பர். அக்கா மகளைக் கட்டியிருக்கார். செல்லாதாமே."

"எந்த ஊர் சார் அவங்க?"

"பெரம்பலூர்ப் பக்கம்."

மேடம் சிரித்தார். "அப்ப ஒண்ணும் இல்ல. அடுத்த பக்கத்தைப் பாக்கலையா? வழக்கம் அனுமதிச்சா செல்லும்னு சட்டத்துலயே இருக்கு. நம்ம பக்கம் தாய்மாமனுக்குக் குடுக்கறது காலங்காலமா உள்ளதுதானே."

மணிவேலுக்கு மூச்சு வந்தது. அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"அப்ப எந்தக் கேள்வியும் வராதா மேடம்?"

"யாராவது செல்லாதுன்னு கேஸ் போட்டா மட்டும், அந்த வழக்கம் அவங்க குடும்பத்துல இருக்குன்னு நிரூபிக்கணும். ரொம்பக் காலமா, இடைவிடாம, சந்தேகத்துக்கு இடமில்லாம இருக்கணும்."

"நிரூபிக்க எழுத்துல ஒண்ணும் இல்லைன்னா?"

"யாருமே கேக்காதப்ப எதுக்கு சார் நிரூபிக்கணும்?"

யாரும் கேட்கவில்லை என்பதற்காக டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களை முப்பது வருடம் பாதி வழியில் இறக்கிவிட்டவர் மணிவேல். அவரிடம் போய் அந்த மேடம் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. திரும்பி வருகிற பஸ்ஸில், பாடாலூர் தாண்டுவதற்குள், எழுத வேண்டிய தாளின் வாசகம் அவர் மனதில் முழுதாக உருவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சபையில் அவர் செல்லுபடியாகும் கணவராகத்தான் உட்காருவார். பெரியவர்களின் கையெழுத்தோடு.

செவ்வாய்க்கிழமை காலை வேம்புவின் கடைக்குப் போனார். வேம்பு மலர்கொடிக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இளைய தம்பி. பெரம்பலூர் டவுனில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அக்கா மகன் என்கிற வகையிலும் மச்சினன் என்கிற வகையிலும் மணிவேல் அவனுக்கு மாமாதான்.

"வண்டிய எடு. ரஞ்சன்குடி போவணும்."

"கடையத் தொறந்து அஞ்சு நிமிசம்கூட ஆவல மாமா. என்னா விசயம்?"

தன் கல்யாணத்தைத் தானே சந்தேகித்ததை மச்சினனிடம் சொல்ல மணிவேலின் வாய் வரவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம குடும்பத்துல தாய்மாமனுக்குத்தான் பொண்ணு குடுக்கற வழக்கம்னு ஒரு பேப்பர் தயார் பண்றேன். பங்காளிங்க கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி முடியணும். வெளியில மூச்சு வுடாத. உங்க அக்காகிட்டகூட."

வேம்பு கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியா?"

"ஆமாங்கறேன்."

வேம்பு வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாதி பிரித்த போனை அப்படியே டப்பாவில் போட்டு மூடி, ஷட்டரை இழுத்துவிட்டு, வண்டியைக் கிளப்பினான். பொறுப்பான பையன் என்று மணிவேல் மெச்சிக்கொண்டார்.

ரஞ்சன்குடியில், கோட்டைக்குப் போகிற வழியில் அமாவாசையின் வீடு. பங்காளிகளில் மூத்தவர். எண்பத்திரண்டு வயதாகியும் குரலுக்கு வயதாகவில்லை. தாளை வாங்கி, கண்ணுக்கு அருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி அருகே கொண்டுவந்து படித்தார்.

"எதுக்குடா இது?"

"சும்மா, ஒரு ஆவணத்துக்குப் பெரியப்பா."

"சும்மா எவன்டா கையெழுத்து வாங்குவான்? உனக்குத் தாலி எடுத்துக் குடுத்தவன் நான். இருபத்தஞ்சு முப்பது வருசம் கழிச்சு வழக்கம் இருக்கா இல்லையான்னு கேக்கறன்னா, என்னா அர்த்தம்? உன் கல்யாணம் செல்லலன்னு எவனாச்சும் சொல்லிட்டானா?"

மணிவேல் பொய் சொல்லிப் பழகாதவர். அதனால் பேசாமல் இருந்தார். அது பொய் சொன்னதைவிட மோசமாகப் போனது.

"ஏம்மா கலையரசி," என்று அமாவாசை உள்ளே பார்த்துக் கத்தினார், "இங்க வந்து கேளு. மணிவேலு கல்யாணம் செல்லாதாம்."

உள்ளேயிருந்து மருமகள் கலையரசி ஈரக் கையோடு வந்து நின்றாள். அவளுக்குப் பிறந்த வீடு திருமானூர் என்பது மணிவேலுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

"செல்லும் பெரியப்பா. செல்லும்னுதான் எழுதியிருக்கு."

"எங்க எழுதியிருக்க? 'வழக்கம் உண்டு'ன்னு எழுதியிருக்க. கெஞ்சற மாதிரி இருக்கு. நம்ம வம்சத்துல கெஞ்சி எழுதறதா? அடிச்சிட்டுக் கெத்தா எழுது."

"எப்படின்னு சொல்லுங்க."

அமாவாசை கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மணிவேல் எழுதினார். எங்கள் வம்சத்தில் பெண் பிறந்தால் அவள் தாய்மாமனுக்கு உரியவள். தாய்மாமன் இருக்க, பெண்ணை வெளியே கொடுத்ததும் இல்லை, கொடுப்பதும் இல்லை. இதற்கு விலக்கு இதுவரை கிடையாது.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்த மணிவேலுக்கு உடம்பு சிலிர்த்தது. ரொம்பக் காலமாக, இடைவிடாமல், சந்தேகத்துக்கு இடமில்லாமல். மேடம் சொன்ன மூன்றும் மூன்றே வரியில் வந்துவிட்டன. படிக்காத மனிதர் என்ன அழகாகச் சட்டம் பேசுகிறார்.

அமாவாசை முதல் கையெழுத்தைப் போட்டார். வேம்பு அந்தத் தாளை ஈரம் காய ஊதி, மடங்காமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் புதன்கிழமை மதியத்துக்குள் கையெழுத்து ஏழு சேர்ந்தது. பேச்சு எழுபது வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் மணிவேல் வண்டியை நிறுத்தி, "என் கல்யாணம் செல்லும்," என்று தானாகவே விளக்கம் சொன்னார். அதுவரை விஷயம் தெரியாமல் இருந்தவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

சாப்பிட வீட்டுக்கு வந்தபோது மலர்கொடி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் வந்தும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க சார்."

"என்னா, சாருங்கற?"

"வேற என்னான்னு கூப்புடறது? பக்கத்து வூட்டுப் பொண்ணு வந்து, 'என்னாக்கா, உங்க கல்யாணம் கேன்சலாமே'ன்னு துக்கம் விசாரிச்சிட்டுப் போறா. புருசன்னு சொல்றதுக்கு உங்களுக்கு இன்னும் பேப்பர் வரலையாமே."

"மலரு, செல்லும். கைடுல அடுத்த பக்கத்துலயே இருக்கு."

"அடுத்த பக்கத்தத் திருப்பாமத்தான் ஊரெல்லாம் போய்ச் சொல்லிட்டு வந்தீங்களா?"

மணிவேல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கை கழுவிக்கொண்டு தட்டு முன்னால் உட்கார்ந்தார். தட்டு காலியாகவே இருந்தது.

"சோறு?"

"குண்டான்ல இருக்கு. செல்லாத பொண்டாட்டி கையால வாங்கித் தின்னு உங்க கேஸு கெட்டுப் போயிடப் போவுது. நீங்களே போட்டுக்குங்க சார்."

இதற்கு மேல் எவனும் கையெழுத்து வாங்குவதை நிறுத்தியிருப்பான். மணிவேல் நிறுத்தவில்லை. பாதியில் விட்டால் கல்யாணம் பாதிதான் செல்லும் என்று ஊர் பேசும். சாயங்காலத்துக்குள் இன்னும் நான்கு வாங்கினார். மொத்தம் பதினொன்று. ஒருவர்கூடக் கைநாட்டு இல்லை என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

வியாழக்கிழமை காலை திருமானூரிலிருந்து போன் வந்தது.

"பிச்சைமுத்து பேசறங்க. நாளைக்கு நாங்க வர்றது இருக்கட்டும். இன்னைக்கு நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. காதுல ஒண்ணு வுழுந்துச்சு."

வழக்கமாக வாய் நிறையச் சம்பந்தி என்று கூப்பிடுகிறவர். இன்று பேச்சு முழுவதும் அந்தச் சொல் வரவே இல்லை. போனை வைத்தபோது பிரவீணா அருகில் நின்றாள். லேப்புக்கு லீவு சொல்லிவிட்டிருந்தாள்.

"அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் நடக்கணும்."

இத்தனை நேராக அவள் எதையும் கேட்டதில்லை. மணிவேல் அவள் தலையில் கை வைத்தார்.

"நடக்கும்மா. அப்பா கையில சட்டம் இருக்கு."

"அதுதான்பா பயமா இருக்கு."

வேம்பு யாரிடமோ கார் இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். மணிவேல் முன்னால் உட்கார்ந்தார். மலர்கொடி பின்னால். அரியலூரை நெருங்கினார்கள். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று வழிவிடாமல் முன்னால் ஊர்ந்தது. கண்ணாடியெல்லாம் வெள்ளைத் தூசி.

"வேம்பு," என்றாள் மலர்கொடி. "மூணு நாளா இவரு கூடத்தான சுத்தற. இந்த மனுசன் என்னாதான் பண்றாருன்னு உனக்காவது தெரியுமா?"

"ஊரு ஆயிரம் பேசும்க்கா. நீ ஒண்ணும் நெனச்சிக்காத. மாமா நம்ம குடும்பத்துக்கு நல்லதுதான் பண்றாரு."

மணிவேலுக்குக் கண் கலங்கியது. அந்த வாரத்தில் அவரைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன்.

பிச்சைமுத்துவின் வீடு கரும்புக் காட்டை ஒட்டி இருந்தது. கூடத்தில் அவரோடு பெரியவர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரஞ்சித்குமார் கதவோரம் நின்று, வந்தவர்களுக்குப் பின்னால் பிரவீணா வருகிறாளா என்று பார்த்தான். வரவில்லை என்று தெரிந்ததும் தரையைப் பார்த்தான். குடிக்கத் தண்ணீர் வந்தது. காபி வரவில்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்க," என்று பிச்சைமுத்து தொடங்கினார். "உங்க வூட்டுக் கல்யாணமே செல்லாதுன்னு ஊரு பூராப் பேச்சு. ரஞ்சன்குடிலேர்ந்து சேதி வந்துருக்கு. எங்களுக்கும் நாலு சொந்தக்காரங்க இருக்காங்க. பதில் சொல்லணும்ல."

மணிவேல் எழுந்து நின்றார். பஸ்ஸில் ஏறி முதல் சீட்டிலிருந்து சோதனையைத் தொடங்குகிற அதே நிமிர்வு. பிளாஸ்டிக் கவரிலிருந்து தாளை உருவினார்.

"பேச்சு வேணாங்க. எழுத்து இருக்கு."

சட்டப் பிரிவைச் சொன்னார். விதியைச் சொன்னார், விதிவிலக்கைச் சொன்னார். மேடம் சொன்னதைத் தான் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு தாளை நிறுத்தி நிதானமாக, முழுவதும் படித்தார். பதினொரு பெயரையும் ஊர் பெயரோடு படித்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சபை அவர் வாதத்தைக் கேட்டது. கறுப்புக் கோட்டு ஒன்றுதான் குறை.

பிச்சைமுத்துவின் முகம் மெல்ல இளகியது. பக்கத்திலிருந்த பெரியவர் தலையாட்டினார். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் காபி வந்தது. முதல் டம்ளரை மலர்கொடி எடுத்து, ஆற்றி, மணிவேலிடம் நீட்டினாள்.

"குடிங்க மாமா."

சார் போய் மாமா வந்துவிட்டது. மணிவேல் வாங்கிக் குடித்தார். அத்தனை இனிப்பான காபியை அவர் குடித்ததே இல்லை.

"அந்தப் பேப்பரக் கொஞ்சம் குடுங்க," என்றார் பிச்சைமுத்து.

வாங்கிப் படித்தார். இரண்டாவது வரிக்கு வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு பக்கத்துப் பெரியவரிடம் காட்டினார். அவரும் விரலை அங்கேயே வைத்தார்.

"இதுல எழுதியிருக்கறது எல்லாம் உண்மைதானுங்களே?"

மணிவேலுக்குச் சுருக்கென்றது. "என்னாங்க இப்படிக் கேட்டுப்புட்டீங்க? பதினொரு பேரு கையெழுத்து. எங்க வம்சத்துல பொய்க் கையெழுத்துப் போடற பழக்கம் கெடையாது. ஒரு எழுத்து மாறாது."

"மாறாதா?"

"உசுரு போனாலும் மாறாது."

பிச்சைமுத்து தாளை மடித்து, மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப நாங்க உங்க வழக்கத்துக்குக் குறுக்க நிக்கறது முறையில்லீங்க. தாய்மாமன் இருக்க, பொண்ண வெளியில குடுக்கறதில்லைன்னு நீங்களே எழுதிப் படிச்சிட்டீங்க. பிரவீணாவுக்குத் தாய்மாமன் இருக்காரா? அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?"

 மலர்கொடி மெதுவாகத் திரும்பித் தன் தம்பியைப் பார்த்தாள். ரஞ்சித்குமாரும் பார்த்தான். கையில் காபி டம்ளரோடு மணிவேல்தான் கடைசியாகத் திரும்பினார்.

வேம்பு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, அடக்கமாக ஒரு அடி முன்னால் வந்தான்.

"இன்னும் ஆவலீங்க. எனக்குப் பொண்ணு கேக்கத் தயக்கமா இருந்துச்சு, மாமாதான் கடைக்கே வந்து, வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி முடிச்சிடணும்னு சொன்னாரு."